இளகும் பக்கம் திருப்பு

தம்பி, வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்து, மேசையும் வைஸும் போட்டு வேலை பழகத் தொடங்கிவிட்டாய். சந்தோஷம். எஹலியகொடைப் பக்கம் இரும்பில் கைவைக்கிறவனுக்கு முதல் எதிரி துரு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர். றப்பர் பாலை உறையவைக்கிற அசிட், ரோலர் மெஷினின் போல்ட்டை அரிக்கும். மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கிற பம்பின் போல்ட்டைச் சேறு அரிக்கும். தலை முறிந்து உடல் உள்ளே சிக்கிய போல்ட்டை எடுக்கத்தான் இடது ட்ரில் பிட். அதை வாங்குமுன் இவற்றைக் கேட்டுக்கொள்.

1. முதலில் திசையைப் புரிந்துகொள். சாதாரண பிட் வலப்பக்கம் சுற்றித் துளைக்கும்; போல்ட் இறுகுவதும் அதே பக்கம்தான். இடது பிட்டின் முறுக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். அது கடிக்கிற ஒவ்வொரு கடியும் போல்ட்டை இளகும் பக்கம் இழுக்கும். சூடும் அதிர்வும் துருவின் பிடியைத் தளர்த்தும். பல தடவை பாதித் துளையிலேயே துண்டு தானாகச் சுழன்று வெளியே வரும். இறுக்குகிற பக்கம் சுற்றிக்கொண்டே இளகவில்லையே என்று கோபிக்காதே.

2. வாங்கும்போது கேட்கக் கூச்சப்படாதே. எல்லாக் கடையிலும் இது இருக்காது. புறக்கோட்டையிலோ பஞ்சிகாவத்தையிலோ தேடிப் பார். சாதாரண பிட் ஒன்றைப் பக்கத்தில் பிடித்து, முறுக்கு எதிராக ஓடுகிறதா என்று உன் கண்ணாலேயே பார். "இருக்கிற பிட்டையே எதிர்ப்பக்கம் ஓடவிடு" என்று யாரும் சொன்னால் நம்பாதே. அது வெட்டாது, உரசிச் சூடேறி முனை மழுங்கும். எச்.எஸ்.எஸ். முத்திரை இருக்க வேண்டும். கடினமான போல்ட்டுக்கு 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 நல்லது; ஆனால் சாய்த்துப் பிடித்தால் பட்டென்று முறியும். தங்க நிறம் மேற்பூச்சுதான். பெரிய பெட்டி வேண்டாம்; 3, 4, 5, 6.5 மில்லிமீட்டரில் நல்லதாக ஒவ்வொன்று போதும்.

3. மெஷினை அறிந்து பிடி. எதிர்ப்பக்கமும் ஓடுகிற ட்ரில் மெஷின் வேண்டும். பிட்டைப் பிடிக்கிற சக்கின் வாய்க்குள் எட்டிப் பார். அடியில் ஒரு சிறு திருகாணி இருக்கும். எதிர்ப்பக்கம் ஓடும்போது சக் கழன்றுவிடாமல் காப்பது அதுதான். அதுவும் இடது மரைத் திருகாணி. அது இல்லாத மெஷினில் சக் கழன்று உருண்டதைப் பார்த்திருக்கிறேன். மெஷினில் சுத்தியல் அடி இருந்தால் அதை நிறுத்திவை. பிட் சிக்கினால் மெஷின் நீ பழகிய பக்கம் உதறாது, மறுபக்கம் உதறும். கண்ணுக்குக் கண்ணாடி போடு, சாரத்தை மடித்துக் கட்டு, கையுறையைக் கழற்றிவிடு.

4. காத்திருக்கப் பழகு. குழியில் தண்ணீர் ஏறுகிறது, பம்பு நிற்கிறது, முதலாளி தலைமாட்டில் நின்று கத்துகிறார். எனக்கு வேலை சொல்லித்தந்த பெரியவர் அப்போதும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, லேசாகத் தட்டிவிட்டு, ஒரு பிளேன்டீ கேட்டு உட்காருவார். அவசரப்பட்டவர்களின் வேலை அடுத்த நாளும் முடியாமல் கிடந்ததைக் கண்டபிறகுதான் அந்த நிதானத்தின் மதிப்பு எனக்கு விளங்கியது. முடிந்தால் ஓர் இரவு ஊறவிடு.

5. நடுவைப் பிடி. முறிந்த முகத்தை அரத்தால் சமப்படுத்து, சென்டர் பஞ்சால் நட்டநடுவில் குழி போடு. நடு தப்பினால் மரையும் தப்பும். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை வெட்டும் துளை 6.8; ஆகவே 3-இல் தொடங்கி ஏறிப் போ, 6.5-ஐத் தாண்டாதே. முறிந்த தலையை வீசிவிடாதே, 8.8, 10.9 என்று அதில் இருக்கிற எண் எவ்வளவு கடினமான இரும்பு என்று சொல்லிவிடும்.

6. மெதுவாகப் போ, காது கொடு. 5 மில்லிமீட்டர் பிட்டுக்கு நிமிடத்துக்கு 900 சுற்றுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் விடு. கீச்சென்று கத்தினால் பிட் வெட்டவில்லை, தேய்கிறது. துண்டு அசைந்ததும் துளைப்பதை நிறுத்து. வெளியே வருவதை மேலும் குடைவது பேராசை. வரவே இல்லையென்றால் துளைக்குள் விட்டுத் திருகி எடுக்கிற ஈசி அவுட்டை ஆத்திரத்தில் அடித்து முறுக்காதே. அது உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதைத் தொடவும் முடியாது. எண்ணெயும் சூடும் கொடுத்து மறுபடி தொடங்கு.

7. வழக்கத்தை விதி என்று எண்ணாதே. சைக்கிளின் இடப்பக்க மிதி, இருபக்கக் கிரைண்டரின் இடப்பக்கக் கல், சில பழைய லொறிகளின் இடப்பக்கச் சில்லு நட்டு ஆகியவை இடது மரை. அங்கே இடது பிட் போட்டால் இன்னும் இறுகும்; சாதாரண பிட்தான் உதவும். எவ்வளவு பழகிய கையானாலும் முதலில் மரையைப் பார்.

8. எடுத்ததோடு வேலை முடியவில்லை. மரையைச் சுத்தம் செய், புது போல்ட்டுக்குக் கொஞ்சம் கிறீஸ் தடவு, அளவோடு இறுக்கு. ஸ்பேனரில் குழாய் மாட்டித் தன் பலத்தைக் காட்டியவன் விட்டுப்போன வேலைகளைத்தான் நான் பாதி ஆயுள் குடைந்து எடுத்தேன். நீ இறுக்குகிற போல்ட்டை ஒரு நாள் இன்னொருவன் கழற்றுவான். அவன் உன்னை அறியமாட்டான். அவன் கையையும் நினைத்து இறுக்கு, தம்பி.