நூறாண்டு உழைத்த கைகள்

காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், பாலாற்றுக்கு அருகில் இருக்கும் எங்கள் ஓரிக்கைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு வைணவ மரபில் ஒரு கதை உண்டு. திருமழிசை ஆழ்வார் திருவெஃகாவில் தங்கியிருந்தபோது, அவர் இருந்த இடத்தை ஒரு மூதாட்டி நாள்தோறும் பெருக்கி, மெழுகி, கோலமிட்டு வந்தாளாம். அவளுடைய தொண்டில் மகிழ்ந்த ஆழ்வார், வேண்டிய வரத்தைக் கேள் என்றார். வயது முதிர்ந்ததால் முன்போல் தொண்டு செய்ய முடியவில்லை, இளமை வேண்டும் என்று அவள் கேட்டாள். அப்படியே பெற்றாள். அதைக் கண்ட பல்லவ மன்னனுக்கும் இளமை மேல் ஆசை பிறந்தது. ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் மன்னனைப் பாட மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். அவரோடு ஆழ்வாரும், ஆழ்வாரோடு பெருமாளும் காஞ்சியை விட்டு வெளியேறி ஓர் இரவு தங்கிய இடமே ‘ஓர் இரவு இருக்கை’. அதுவே நாளடைவில் ஓரிக்கை ஆயிற்று என்பர்.

இக்கதையில் நாம் பெரும்பாலும் மன்னனையும் ஆழ்வாரையுமே நினைவில் வைக்கிறோம். ஆனால் கதை தொடங்குவது துடைப்பம் பிடித்த ஒரு முதிய பெண்ணின் கையில் அன்றோ? அவள் இளமையை வேண்டியது அழகுக்காக அன்று, வேலை செய்வதற்காக. இளமையைத் திரும்பப் பெறாமலேயே நூறு வயதைக் கடந்தும் அவ்வாறே வேலை செய்த பெண்கள் உண்டா? உண்டு. அத்தகைய ஒருவரைப் பற்றி இங்கே காண்போம்.

தேக்கம்பட்டிப் பாட்டி

கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து, பவானி ஆற்றங்கரைப் பகுதியில் உள்ள சிற்றூர் தேக்கம்பட்டி. அவ்வூரில் வாழ்ந்த பாப்பம்மாளின் இயற்பெயர் ரங்கம்மாள். அவர் தேவலாபுரம் என்னும் ஊரில் 1914-இல் பிறந்தவர். முதல் உலகப்போர் தொடங்கிய ஆண்டு அது. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அவரையும் அவருடைய சகோதரிகளையும் தேக்கம்பட்டியில் இருந்த பாட்டிதான் வளர்த்தார். பின்னாளில் ஊரெல்லாம் ‘பாட்டி’ என்று அழைத்த ஒருவரை உருவாக்கியதும் ஒரு பாட்டியே என்பதை நாம் மறக்கலாகாது.

இன்று நம் கையில் இருக்கும் பாடநூல்களும் வகுப்பறையும் அவருக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தின் சிறிய மளிகைக் கடையே அவருடைய பள்ளிக்கூடம் ஆயிற்று. கடையோடு சிற்றுண்டிக் கடையும் நடத்தினார். படியையும் தராசையும் பிடித்துச் சம்பாதித்ததில் சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்கினார். சுமார் பத்து ஏக்கர் நிலம் அவர் கைக்கு வந்தது. தந்தை வழியாகவோ கணவர் வழியாகவோ அன்றி, ஒரு பெண் தன் சேமிப்பால் நிலம் வாங்குவது அக்காலத்தில் எளிய செயலா என்று எண்ணிப் பாருங்கள்.

நிலம் வாங்கியவர் அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. தாமே பயிர் செய்தார். பயறு வகைகள், காய்கறிகள், வாழை எனப் பலவற்றையும் விளைவித்தார். இரசாயன உரத்தைத் தவிர்த்து இயற்கை முறையில் வேளாண்மை செய்தார். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு நீண்ட காலம் தொடர்பு வைத்திருந்து, அறிவியலாளர் சொல்வதைக் கேட்டும் தம் அனுபவத்தை அவர்களுக்குச் சொல்லியும் வந்தார். பள்ளிக்கூடம் போகாதவர் பல்கலைக்கழகத்தோடு வாதிட்டுப் பேசும் நிலைக்கு உயர்ந்தார்!

பொது வாழ்விலும் அவர் பின்வாங்கவில்லை. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு, அதுவும் சொத்துத் தகுதி உடையவர்களுக்கு மட்டும், முதன்முதலாக வாக்குரிமை கிடைத்தது 1921-இல். அப்போது பாப்பம்மாளுக்கு வயது ஏழு. அந்தச் சிறுமியே வளர்ந்து, தேக்கம்பட்டி ஊராட்சியிலும் காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதியாகப் பணியாற்றினார்.

முதுமையில் நிலத்தின் அளவு குறைந்தது. ஆனாலும் சுமார் இரண்டரை ஏக்கரை அவர் கைவிடவில்லை. நூறு வயதைக் கடந்த பிறகும் விடியற்காலையில் எழுந்து வயலுக்குச் சென்றுவந்தார். 2021-ஆம் ஆண்டு வேளாண்மைக்காக நடுவண் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தபோதுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்னரும் அவர் வயலில்தான் இருந்தார். அதற்குப் பின்னரும் வயலுக்கே சென்றார். 2024 செப்டம்பர் 27 அன்று அவர் காலமானார்.

நூறு வயது என்றால் என்ன?

இவ்விடத்தில் ஒரு கணக்கைப் பார்ப்போம். பாப்பம்மாள் பிறந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகளுக்கும் குறைவு. நாடு விடுதலை பெற்ற காலத்தில் அது ஏறத்தாழ 32. இன்றோ சுமார் 70. அப்படியானால் அந்நாளில் எல்லாரும் 25 வயதிலேயே இறந்துவிட்டனரா? இல்லை. பிறந்த குழந்தைகளும் சிறுவர்களும் பெருவாரியாக இறந்தனர். அம்மையும் காலராவும் மலேரியாவும் 1918-இல் வந்த விஷக்காய்ச்சலும் வீடு வீடாக உயிர்களைக் கொண்டு சென்றன. பேறுகாலத்தில் தாய்மார் பலர் மாண்டனர். இத்தனை இளம் மரணங்களையும் சேர்த்துக் கூட்டி வகுத்தால் சராசரி தாழ்ந்துவிடுகிறது. குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களுள் அறுபது, எழுபது வயது கண்டோர் அன்றும் இருந்தனர்.

தடுப்பூசியும் தூய குடிநீரும் பிரசவ மருத்துவமனையும் நம் ஆயுளைக் கூட்டியிருக்கின்றன. நம்மில் பலருக்கு இன்று பாட்டி உயிரோடு இருப்பதே இவற்றால் கிடைத்த வரம் எனலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீண்ட ஆயுள் நல்லவர்களுக்குக் கிடைக்கும் பரிசு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. உடல்வாகும் பரம்பரையும் சூழ்நிலையும் அதில் கலந்திருக்கின்றன. நாம் சிறுமலர் என்று போற்றும் புனித குழந்தை தெரேசா 1897-இல் இறைவனடி சேர்ந்தபோது அவருக்கு வயது 24 மட்டுமே. ஆண்டுகளின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. கிடைத்த நாள்களை யாருக்காகச் செலவிடுகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இரு அருட்சகோதரிகள்

உலகிலேயே அதிக வயதுடையவர் என்ற பெயரை அண்மைக் காலத்தில் இரண்டு கன்னியர் பெற்றிருந்தனர்.

ஒருவர் பிரான்சு நாட்டின் அருட்சகோதரி ஆந்த்ரே. 1904 பிப்ரவரி 11 அன்று பிறந்த இவர், நாற்பது வயதில் பிறரன்புப் புதல்வியர் சபையில் சேர்ந்தார். விஷி நகர மருத்துவமனையில் அனாதைக் குழந்தைகளையும் முதியோரையும் பல்லாண்டுகள் பராமரித்தார். முதுமையில் கண்பார்வை போயிற்று. சக்கர நாற்காலி துணையாயிற்று. 2021-இல் கொரோனா தொற்றிய போதும் அதிலிருந்து மீண்டு, 117-ஆவது பிறந்த நாளைக் கொண்டாடினார். உழைப்பு ஆளைக் கொல்லும் என்பார்கள். தம்மை வாழவைத்ததே உழைப்புதான், தாம் 108 வயது வரை உழைத்ததாக அவர் சொன்னதுண்டு. 2023 ஜனவரி 17 அன்று, 118 வயதில் மறைந்தார்.

மற்றவர் பிரேசில் நாட்டின் அருட்சகோதரி இனா கனபாரோ லூக்காஸ். 1908-இல் பிறந்தவர். மிகவும் மெலிந்த குழந்தையாக இருந்ததால், இது பிழைக்காது என்றே பலரும் எண்ணினராம். அந்தக் குழந்தை வளர்ந்து தெரேசியன் சபைக் கன்னியாகி, பள்ளிகளில் மொழியும் கணிதமும் கற்பித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று, 116 வயதில் மறையும்வரை செபமாலை அவர் கையை விட்டு நீங்கவில்லை. மெலிந்த தோழிகளைக் கேலி செய்யும் நாம் இவரை நினைத்துக்கொள்வது நல்லது.

கன்னியர் தந்த பாடம்

நீண்ட ஆயுளைப் பற்றி அறிய விரும்பிய அறிவியலாளர் டேவிட் ஸ்நோடன், 1986-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோத்ர்தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 கன்னியர் அதில் பங்கு கொண்டனர். அனைவரும் 75 வயதைக் கடந்தவர்கள். ஒரே வகை உணவு, ஒரே வகை இருப்பிடம், பெரும்பாலும் ஆசிரியப் பணி, புகைப்பதில்லை. இவ்வாறு ஒன்றுபோல் வாழ்ந்தவர்களிடையே முதுமை ஏன் வேறுபடுகிறது என்று ஆராய்வது எளிது. தங்கள் இறப்பிற்குப் பின் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கவும் அவர்கள் முன்வந்தனர். ஆயுள் முழுதும் கற்பித்தவர்கள், இறந்த பின்னும் கற்பிக்க விரும்பினர்!

அச்சகோதரிகள் துறவற வார்த்தைப்பாடு கொடுக்குமுன், ஏறத்தாழ 22 வயதில், தங்களைப் பற்றி எழுதிக் கொடுத்த சிறு வாழ்க்கைக் குறிப்புகள் மடத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றில் 180 குறிப்புகளை ஆராய்ந்து 2001-இல் முடிவு வெளியிட்டனர். மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை போன்ற நல்லுணர்வுகளை மிகுதியாக எழுதியவர்கள், மிகக் குறைவாக எழுதியவர்களைவிடச் சுமார் ஏழு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தனர். நன்றி என்று எழுதிவிட்டால் ஆயுள் கூடிவிடும் என்று இதற்குப் பொருளன்று. இளமையில் பழகிய மனநிலை முதுமை வரை கூடவே வருகிறது என்றே கொள்ள வேண்டும்.

அவர்களுள் ஒருவர் 101 வயதில் இறந்தார். அவருடைய மூளையைப் பார்த்தபோது, மறதி நோய்க்குரிய அடையாளங்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தவரை நினைவாற்றல் தேர்வுகளில் அவர் நல்ல மதிப்பெண் பெற்றே வந்திருந்தார். எண்பது வயதைக் கடந்தும் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். நோய் மூளைக்குள் வந்திருந்தும், அவருடைய நாள்களைத் திருடிக்கொள்ள முடியவில்லை.

நம் வீட்டுப் பாட்டி

இனி நம் வீட்டிற்கு வருவோம். எங்கள் மாணவியர் பலரின் வீடுகளில் தறி இருக்கிறது. ஒரு பட்டுப்புடவையை நெசவாளர் ஒருவரே நெய்துவிடுவதில்லை. இராட்டை சுற்றவும், தார் சுற்றவும், பாவு பிணைக்கவும், கோர்வைக் கரைக்கு எதிர்ப்பக்கம் நாடா வாங்கித் தரவும் பல கைகள் வேண்டும். அந்தக் கைகளில் ஒன்று பாட்டியுடையது.

ஒரு நாள் பாட்டிக்குக் கண் மங்குகிறது. நூல் அறுந்தது தெரியவில்லை. “நீங்க பேசாம உட்காருங்க பாட்டி, நாங்க பாத்துக்கறோம்” என்று தார்க்குச்சியை வாங்கிக்கொள்கிறோம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அன்று தார்க்குச்சியோடு அவருடைய இடத்தையும் நாம் வாங்கிக்கொண்டு விடுகிறோம். திண்ணையின் மூலையில் அவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைக்கிறார். ‘பாட்டிக்கு வயதாகிவிட்டது’ என்று நாம் சொல்கிறோம். வயதாகிவிட்டதா, வேலை இல்லாமல் போயிற்றா?

வயிற்றுப்பாட்டிற்காகத் தள்ளாத வயதிலும் கூலிக்கு உழைக்கும் மூதாட்டியரைக் கண்டு நாம் பெருமைப்படுவதற்கு ஒன்றுமில்லை. அது நாம் வெட்கப்பட வேண்டிய காட்சி. முதியவருக்கு ஓய்வும் வேண்டும், உணவும் மருந்தும் வேண்டும். அவற்றோடு, ‘நீங்கள் எங்களுக்குத் தேவை’ என்ற சொல்லும் வேண்டும். கண் மங்கினால் என்ன? பட்டின் முறுக்கு சரியா என்று அவருடைய விரல் சொல்லும். கீரை ஆய்ந்து தருவார். கைக்குழந்தையைத் தூங்க வைப்பார். சேமிப்பின் அருமையைச் சொல்லித் தருவார்.

லூக்கா நற்செய்தியில் வரும் இறைவாக்கினர் அன்னாவை நினைத்துப் பாருங்கள். எண்பத்து நான்கு வயதுக் கைம்பெண். கோவிலில் குழந்தை இயேசுவைக் கண்டதும் அவர் கடவுளைப் புகழ்ந்ததோடு நில்லாமல், விடுதலையை எதிர்பார்த்திருந்த எல்லாரிடமும் அக்குழந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முதிய வயதில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2021 முதல் சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை, தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளாக ஏற்படுத்தியதும் இத்தகையவரை நாம் மறவாதிருக்கவே.

பத்துக் கட்டளைகளுள் நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசுவது எது? தாய் தந்தையரை மதித்து நடக்கச் சொல்லும் நான்காம் கட்டளைதான். நெடுநாள் வாழும் வழியைத் தேடி நாம் உலகெல்லாம் சுற்றுகிறோம். மறைநூலோ நம்மை நம் வீட்டு மூத்தோரிடமே திருப்பி அனுப்புகிறது.

ஆகவே தோழியரே, இவ்விடுமுறையில் ஒரு பயிற்சி. ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார், முதன்முதலில் எந்த வேலையைக் கற்றார், முதல் சேமிப்பு எவ்வளவு, அதைக் கொண்டு என்ன வாங்கினார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும், அவரால் செய்யக்கூடிய ஒரு சிறு வேலையை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளாமல், அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

நூறாண்டு வாழ வேண்டும் என்று பெரியோர் நம்மை வாழ்த்துகின்றனர். அந்த நூறாண்டிலும் யாருக்கேனும் பயன்படும் கைகளை நமக்குத் தரும்படி இறைவனை வேண்டுவோம்.