நூலகப் பணியில் மனநிறைவு

1924ஆம் ஆண்டில் எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன் அவர் கணித ஆசிரியர். மாணவர் நடுவே பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பெருஞ்சுமையாயிற்று. சில நாட்களுக்குள்ளேயே வகுப்பறைக்குத் திரும்ப விழைந்தார். ஊதியக் குறைவு அதற்குக் காரணமன்று. இங்கிலாந்து சென்று, நூலகங்கள் வாசகரை நாடிச் செல்லும் முறையைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறிற்று. சென்னையில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணியாற்றினார்.

பணியில் மனநிறைவு எதனால் விளைகிறது என்பதை ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடன் ஆய்ந்தோரும், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பொறியாளரும் கணக்காளருமான ஏறத்தாழ 200 பேரிடம் ஆராய்ந்து 1959இல் வெளியிட்டனர். விதிமுறை, மேற்பார்வை, சக ஊழியர் உறவு ஆகியவை சீர்கெட்டால் மனக்குறை தோன்றும். அவை சீராயிருப்பதனால் மட்டும் நிறைவு தோன்றிவிடாது. செய்யும் வேலையும் அதற்குக் கிடைக்கும் மதிப்புமே நிறைவைத் தருவன என்பது அவர்கள் முடிவு. வெற்றியைத் தனக்கும் குறையைப் பிறருக்கும் உரியதாகக் கூறுவது மனித இயல்பாதலின், இதனை ஐயுறுவோரும் உளர். எனினும் நூலகத்தில் இவ்வேறுபாடு கண்கூடு.

நூலிருப்பைச் சரிபார்க்கும் நாட்களைக் கருதலாம். காணாமற்போன நூலுக்குத் தம் கைப்பணத்தைக் கட்ட நேருமோ என்ற அச்சம் புகுந்துவிட்டால், நூல் வழங்கும் மேசையிலிருப்பவர் அலமாரிகளைக் கவனிப்பவரை ஐயுறுவார். இருவரும் சேர்ந்து வாசகரை ஐயுறுவர். நல்ல நூல்களுக்குப் பூட்டு விழும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளோ, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 நூல்கள் இழப்பாவதை இயல்பெனவே ஏற்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ அதற்குக் காரணமாயிருத்தல் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. இவ்விதியை ஊழியர் அனைவருக்கும் படித்துக்காட்டி விளக்கும் நூலகர் பல சச்சரவுகளை முளையிலேயே தவிர்த்துவிடுகிறார்.

ஆசிரியர்களுடன் உள்ள உறவு இதனினும் நுட்பமானது. மூத்த பேராசிரியர் நெடுங்காலமாகத் திருப்பித் தராத நூலைக் கேட்க இளநிலை உதவியாளருக்கு நா எழாது. கேளாதுவிட்டால் பழி அவர் மேலேயே விழும். நினைவூட்டுக் கடிதம் நூலகரின் கையொப்பத்துடன் துறைத் தலைவர் வாயிலாகச் செல்வதே முறை.

இவையெல்லாம் மனக்குறையை நீக்குவன, அவ்வளவே. பாடத்திட்டக் குழு நூலகரையும் அழைத்து, புதிய பாடத்துக்கு எந்நூல்கள் உள்ளன, எவை வாங்கத்தக்கன என்று வினவும் பல்கலைக் கழகத்தில் நிலைமை வேறு. அங்கே, உள்ளறையில் அமர்ந்து நூற்பட்டியல் தயாரிப்பவருக்கும் தாம் இட்ட வகைப்பாட்டு எண் எந்த வகுப்பறைக்குப் பயன்படுகிறது என்பது தெரிந்திருக்கிறது.