மருந்துக் கடையில் தடுப்பூசி: வணிகர் அறிய வேண்டிய சில செய்திகள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் வணிக அன்பர்கள் சொல்லும் செய்தி ஒன்று பலருக்கு வியப்பாக இருக்கிறது. அங்கே அரிசி, பால், காய்கறி விற்கும் பெரிய மளிகைக் கடைக்குள்ளேயே ஓர் ஓரத்தில் மருந்துக் கடை இருக்கிறது. அதில் இருக்கும் மருந்தாளுநரே தடுப்பூசி போட்டு அனுப்புகிறார். பக்கத்தில் டாக்டர் இருப்பதில்லை. சாமான் வாங்க வந்தவர் ஊசியும் போட்டுக்கொண்டு போகிறார்.

இது ஒரே நாளில் வந்த ஏற்பாடு அன்று. 1994இல் வாஷிங்டன் மாநிலத்தில் மருந்தாளுநர்களுக்கு முறைப்படி ஊசி போடும் பயிற்சி தொடங்கியது. 1996இல் அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் நாடு முழுவதற்கும் பொதுவான பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறாக இருந்ததால், 50 மாநிலங்களும் அனுமதி தருவதற்கு 2009 வரை ஆயிற்று. அயர்லாந்தில் 2011இலும், இங்கிலாந்தில் அரசு மருத்துவத் திட்டத்தின் கீழ் 2015இலும் மருந்துக் கடைகளில் ஃப்ளூ தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். தனிக் கடைக்காரர் எவரும் வாதாடி இவ்வளவையும் பெற்றிருக்க முடியாது. சங்கம் பயிற்சியை முன்னே வைத்து, உரிமையைப் பின்னே கேட்டது. நம் சங்கத்தாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

மக்கள் கடையை நாடக் காரணம் நமக்குத் தெரிந்ததே. டாக்டர் கிளினிக் மூடிய பின்னும் கடை திறந்திருக்கும். வால்கிரீன்ஸ் என்னும் நிறுவனத்தின் கடைகளில் 2011 ஆகஸ்ட் முதல் 2012 ஜூலை வரை 62 லட்சத்துக்கும் மேற்பட்ட தடுப்பூசிகள் போடப்பட்டன. அவற்றில் நூற்றுக்குச் சுமார் 30, மாலை நேரத்திலும் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் போட்டவை. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பது பற்றி நமக்குள் ஆயிரம் வாதம் உண்டு. அங்கே அந்த நாள் கணக்கே இப்படி.

2021 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய அரசு கொரோனா தடுப்பூசியைக் கடைகளுக்கே நேரடியாக அனுப்பத் தொடங்கியது. மருந்துக் கடை நிறுவனங்களோடு குரோகர், பப்ளிக்ஸ், ஆல்பர்ட்சன்ஸ் போன்ற மளிகை நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. மருந்தை அரசு இலவசமாகக் கொடுத்தது. ஊசி போடும் வேலைக்கு முதியோர்க்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம் 2021 மார்ச் முதல் ஊசி ஒன்றுக்குச் சுமார் 40 டாலர் தந்தது. சரக்கில் லாபம் வைக்க வழியில்லை, கைவேலைக்கே கூலி.

இந்தக் கூலிக்கு எவ்வளவு கட்டுப்பாடு என்று பார்ப்போம். முதலில் குளிர். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையில் வைக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் டின்னை வெயிலில் வைத்து விற்கிறோம்; சரக்குக்குக் குறைவில்லை. டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகள் அப்படி அல்ல. ஒருமுறை உறைந்தால் வீரியம் போய்விடும். இளகிய பின் பார்வைக்கு நன்றாகவே தெரியலாம். போட்டுக்கொண்டவருக்குப் பாதுகாப்பு இல்லை, இல்லை என்பதும் அவருக்குத் தெரியாது. புழுத்த பருப்பை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். இதை யாரும் திருப்பிக் கொண்டுவரப் போவதில்லை.

ஆகவே மேலே ஐஸ் பெட்டியும் கீழே அலமாரியும் ஒரே கதவுக்குள் இருக்கும் சிறு பிரிட்ஜில் தடுப்பூசி வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. கதவுத் தட்டில் வைக்கக் கூடாது. உள்ளே சாப்பாட்டுப் பொருள் கூடாது. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவைத்தால், கரண்ட் போனாலும் குளிர் சிறிது நேரம் நிற்கும். கடை திறந்தவுடன் வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். பிளக்கைப் பிடுங்காதே என்று அருகில் எழுதி ஒட்ட வேண்டும். இரவில் கரண்ட் மிச்சம் பிடிக்கப் பால், தயிர் இருக்கும் பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. அந்தக் கைக்கு இந்தச் சரக்கு ஆகாது.

அடுத்தது பதிவேடு. எந்த நாளில், யார் போட்டது, எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் என்று குறிக்க வேண்டும். குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளுக்கு இது 1986ஆம் ஆண்டுச் சட்டப்படியே கட்டாயம். ஒரு பேட்ச்சில் குறை என்று செய்தி வந்தால் யார் யாருக்குப் போட்டது என்று அன்றே எடுக்க முடிய வேண்டும். துவரம் பருப்பு மூட்டை எந்த ஆலையிலிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு இதன் அருமை தெரியும்.

பயிற்சியும் சும்மா அல்ல. கொரோனா காலத்தில் 2020 ஆகஸ்டில் வந்த மத்திய அரசு உத்தரவு, 3 வயது முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு மருந்தாளுநர் தடுப்பூசி போடலாம் என்றது. அதற்குக் குறைந்தது 20 மணி நேரப் பயிற்சியும், மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்யும் சான்றிதழும் கேட்டது. ஊசி போட்டவரைச் சுமார் 15 நிமிடம் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வாமையால் சிலருக்கு மூச்சு முட்டலாம். மிக அரிதுதான், ஆனாலும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவும் ஆள் பலத்தில் நிற்பது. 2023 செப்டம்பரில் கன்சாஸ் சிட்டி நகரில் பெரிய நிறுவனம் ஒன்றின் மருந்தாளுநர்கள் வேலைக்கு வராமல் எதிர்ப்புக் காட்டினார்கள். அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்திலும் அதுவே நடந்தது. மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், போன் எடுக்க வேண்டும், நடுவில் ஊசியும் போட வேண்டும். ஆளை மட்டும் கூட்டவில்லை என்பது அவர்கள் குறை. நம் கருத்தில் அவர்கள் கேட்டது நியாயமே. அவசரத்தில் எடை தவறினால் பத்து ரூபாயோடு போகும். ஊசி மருந்து மாறினால் என்ன ஆகும்?

நம் நாட்டில் முறை வேறு. மருந்துக் கடையில் தடுப்பூசி விற்கிறார்கள். போடுவது டாக்டரும் செவிலியரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுவது தனி. தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்து, மருந்துக் கடையில் வாங்கிக் கொண்டுவரச் சொல்லும் போதுதான் குளிர்ச் சங்கிலியில் ஓர் இடைவெளி விழுகிறது. கடைக்காரர் பிரிட்ஜில் ஒழுங்காக வைத்திருந்த மருந்து, வாங்கியவர் கையில் பிளாஸ்டிக் பையில் ஊர் சுற்றுகிறது. வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடக்கிறது.

இந்த இடத்தில் மளிகைக் கடைக்காரருக்கும் வேலை உண்டு. மருந்துப் பையோடு நம் கடைக்கு வந்து பட்டியல் கொடுத்துவிட்டு நிற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். உள்ளே தடுப்பூசி இருக்கிறது என்று தெரிந்தால் நிற்கவைக்க வேண்டாம். உதவி என்று நினைத்து நம் ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்துக் கொடுக்கவே கூடாது, உறைந்துவிடும். ஐஸ்கட்டி கேட்டால் கொடுக்கலாம், ஆனால் மருந்துப் புட்டி ஐஸில் நேரே படாதபடி துணியோ தாளோ சுற்றச் சொல்ல வேண்டும். டாக்டரிடமே குளிரில் இருப்பு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வது அதைவிட நல்லது. பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, "முதல்ல ஊசியைப் போட்டுட்டு வாங்கம்மா, அதுக்குள்ள சாமானைக் கட்டி வைக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடலாம்.