மடிக்கணினியில் தமிழ்

கோல சிலாங்கூர்த் தோட்டமொன்றில் வாழும் மாணவி மடிக்கணினியில் ‘அம்மா’ எனத் தட்டெழுதி அனுப்புகிறாள். சென்னையிலுள்ள உலாவியிலும் அச்சொல் அப்படியே தெரிகிறது. முன்பு நிலைமை வேறு. ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களை வழங்கியது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் புரியாத குறிகளாகத் தோன்றியது. 1991இல் வெளிவந்து, பின்னர்ப் பரவலான யூனிகோட் இச்சிக்கலைத் தீர்த்தது. அதன்படி ‘அ’ எழுத்தின் எண் எங்கும் 2949தான்.

இம்முயற்சிகளில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. மலேசியக் கணினி வல்லுநர் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளையும், பின்னர்க் கைப்பேசிக்கெனச் ‘செல்லினம்’ செயலியையும் உருவாக்கினார். அவர் வடிவமைத்த ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது.

மாணவர்களே, கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். நாம் தமிழில் எழுதினால்தான் அவற்றில் தமிழ் நிலைக்கும்.