பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் சைக்கிள்: படிப்படியாகத் திரும்புங்கள்

பித்தப்பையை அகற்றிக்கொண்ட மூத்தோரில் பலர் ஓரிரு நாள்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்குச் சைக்கிள் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஈரச்சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர, காலையில் காப்பிக் கடையில் நண்பர்களைப் பார்க்க அதுதான் வாகனம். “எப்போது மறுபடியும் ஓட்டலாம்?” என்று அவர்கள் கேட்பது இயல்பு.

சிலர் வலி குறைந்ததும் ஒரே வாரத்தில் சைக்கிளை எடுத்துவிடுகிறார்கள். அப்போது உள்ளே ஆறாத காயம் பாதிக்கப்படலாம். வேறு சிலர் பயந்துபோய்ச் சைக்கிளை ஒரேயடியாகக் கைவிடுகிறார்கள். அதனால் கால் வலுவும் உடல் சமநிலையும் குறையும். வயதான காலத்தில் இழந்த வலுவைத் திரும்பப் பெற நெடுநாள் ஆகும். அவசரப்படாமலும் அஞ்சி ஒதுங்காமலும் எப்படித் திரும்புவது என்பதை இந்தத் துண்டுப்பிரசுரம் விளக்குகிறது.

உங்கள் உடலில் என்ன மாறியிருக்கிறது?

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேமித்து வைத்து, நீங்கள் கொழுப்புள்ள உணவைச் சாப்பிடும்போது குடலுக்குள் அனுப்பும். பித்தப்பை இல்லாவிட்டாலும் கல்லீரல் தன் வேலையைத் தொடரும். பித்தநீர் ஓரிடத்தில் சேராமல் நேராகக் குடலுக்குள் வழியும். ஆகவே, பித்தப்பை இல்லாமல் நலமாக வாழ முடியும். சைக்கிளும் ஓட்ட முடியும்.

பெரும்பாலோருக்கு நுண்துளை அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. வயிற்றில் மூன்று அல்லது நான்கு சிறிய வெட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்று தொப்புளை ஒட்டி இருக்கும். சிலருக்கு வலது விலா எலும்புக்குக் கீழே நீளமான வெட்டு தேவைப்படும். இதைத் திறந்த அறுவை சிகிச்சை என்பார்கள். இதிலிருந்து குணமடையக் கூடுதல் காலம் ஆகும். உங்களுக்கு எந்த முறையில் செய்யப்பட்டது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நுண்துளை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் கரியமிலவாயு செலுத்தப்படுகிறது. அதனால் முதல் சில நாள்களுக்குத் தோள்பட்டையில் வலி இருக்கலாம். எழுந்து மெதுவாக நடமாடினால் அது தணியும். ஆனால், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வியர்வை ஆகியவை ஏற்பட்டால் “வாயுதான்” என்று இருந்துவிடாதீர்கள். உடனே 995 எண்ணை அழையுங்கள்.

தோல் ஆறிவிட்டது. உள்ளே?

வெட்டின் மேல் தோல் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள தசையும் அதன் உறையும் வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் வயிற்றில் அதிக அழுத்தம் ஏற்பட்டால், வெட்டு இருந்த இடத்தின் வழியாகக் கொழுப்போ குடலோ பிதுங்கலாம். இதுவே குடலிறக்கம். இதைச் சரிசெய்ய இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நீரிழிவு, அதிக உடல் எடை, நாள்பட்ட இருமல், புகைப்பழக்கம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

சமதரையில் மெதுவாகப் பெடலை மிதிப்பது வயிற்றுக்குப் பெரிய சிரமம் தராது. பின்வரும் நேரங்களில்தான் அழுத்தம் கூடுகிறது:

• காலைத் தூக்கிச் சைக்கிளில் ஏறும்போதும் இறங்கும்போதும்
• யாராவது குறுக்கே வந்து, திடீரென்று பிரேக் பிடிக்கும்போது
• ஏற்றத்தில் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிக்கும்போது
• படிக்கட்டிலோ மேம்பாலத்திலோ சைக்கிளைத் தூக்கும்போது

இவற்றோடு, கீழே விழ நேர்ந்தால் கைப்பிடி வயிற்றில் இடிக்கும் ஆபத்தும் உண்டு. எனவே, “இப்போது வலி இல்லையே” என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். “திடீரென்று பிரேக் பிடிக்க நேர்ந்தால், வலிக்குமோ என்று தயங்காமல் என்னால் பிடிக்க முடியுமா?” என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

வாரம் வாரமாக என்ன செய்யலாம்?

இது நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான பொதுவான வழிகாட்டி. உங்கள் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

*முதல் வாரம்.* வீட்டுக்குள்ளும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை நடந்து பழகுங்கள். நாளுக்குச் சில முறை இப்படிச் செய்யலாம். நடப்பது கால்களில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுந்திருங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

*இரண்டாம் வாரம்.* நடையை மெல்ல 20 அல்லது 30 நிமிடத்துக்குக் கூட்டுங்கள். அரிசிப் பை, தண்ணீர் வாளி, பேரப்பிள்ளை எதையும் தூக்கவேண்டாம். பிள்ளை உங்கள் மடியில் ஏறி உட்காரலாம். நீங்கள் குனிந்து தூக்குவதுதான் கூடாது.

*மூன்றாம், நான்காம் வாரங்கள்.* மருத்துவர் சம்மதித்தால், ஓரிடத்தில் நிற்கும் உடற்பயிற்சிச் சைக்கிளில் தொடங்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, குறைந்த இறுக்கத்தில், பத்து நிமிடம் போதும். மறுநாள் வயிற்றில் வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் அடுத்த முறை சில நிமிடம் கூட்டுங்கள்.

*நான்கு முதல் ஆறு வாரங்கள்.* மருத்துவரின் சம்மதத்துடன் வெளியே ஓட்டலாம். சமதளமான பூங்கா இணைப்புப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் 15 நிமிடம் போதும். கூடையில் சாமான் வேண்டாம்.

*ஆறு வாரங்களுக்குப் பிறகு.* தூரத்தையும் நேரத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஏற்றமான பாதையையும் கூடை நிறையச் சாமானையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மேலும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். அறுவை மருத்துவர் பார்த்து அனுமதி தரும்வரை சைக்கிள் வேண்டாம்.

முதல் நாள் வெளியே போகுமுன்

• மயக்கம் தரும் வலி மருந்தை உட்கொண்டிருந்தால் ஓட்டாதீர்கள்.
• இருக்கையைச் சற்றுத் தாழ்த்துங்கள். உட்கார்ந்தபடியே இரு பாதங்களும் தரையைத் தொடவேண்டும்.
• சைக்கிளைச் சாய்த்து வைத்து ஏறுங்கள். குறுக்குக் கம்பி தாழ்வாக உள்ள சைக்கிள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.
• தொப்புள் காயத்தில் உரசாத, தளர்வான உடையை அணியுங்கள்.
• பிரேக்கையும் டயர் காற்றையும் வீட்டில் உள்ள ஒருவரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.
• தலைக்கவசம், தண்ணீர், கைத்தொலைபேசி ஆகியவற்றை மறக்காதீர்கள். முதல் சில முறை ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். மழை பெய்து பாதை ஈரமாக இருந்தால் அன்று நடந்துவிட்டு வாருங்கள்.
• பூங்கா இணைப்புப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். இது உச்ச வரம்பு மட்டுமே. நீங்கள் அதைவிட மிக மெதுவாகவே ஓட்டுங்கள்.

ஓட்டும்போது வயிற்றில் இழுப்பதுபோல் இருந்தால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

சாப்பாடும் வயிற்றுப்போக்கும்

முதல் சில வாரங்களில் எண்ணெய்ப் பலகாரம், நெய் சாதம், தேங்காய்ப்பால் கறி போன்றவற்றைச் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு உப்பும் அல்லது வயிற்றுப்போக்கு ஏற்படும். இட்லி, ரசம் சாதம், ஆவியில் வேகவைத்த மீன், எண்ணெய் குறைவாகச் சமைத்த காய்கறி ஆகியவற்றைச் சிறிய அளவில், நாளுக்கு நான்கைந்து முறையாகச் சாப்பிடுங்கள். பிறகு மற்ற உணவுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலோர் நாளடைவில் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடலாம்.

சாப்பிட்டவுடன் அவசரமாகக் கழிவறைக்குப் போகவேண்டிய நிலை சிலருக்கு இருக்கும். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டே சிலர் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார்கள். சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்துக் கிளம்புங்கள். வழியில் கழிவறை உள்ள பாதையில் செல்லுங்கள். சில வாரங்கள் கழித்தும் இந்தத் தொந்தரவு குறையாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்கு மருந்து உண்டு.

வலி மருந்துகள் சிலவற்றால் மலச்சிக்கலும் வரலாம். முக்குவது வயிற்றில் அழுத்தத்தைக் கூட்டும். தண்ணீர், பழம், நடை ஆகியவை உதவாவிட்டால் தாதியிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.

மருந்து உட்கொள்பவர்கள் கவனத்துக்கு

*நீரிழிவு:* சாப்பாடு குறைந்திருக்கும் நேரத்தில் வழக்கமான அளவு மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துவிடக்கூடும். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். கிளம்புமுன் சர்க்கரையைச் சோதியுங்கள். சட்டைப்பையில் இனிப்பு மிட்டாய் வைத்திருங்கள்.

*இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து:* அறுவை சிகிச்சைக்காக நிறுத்தியிருந்தால், எப்போது மறுபடியும் தொடங்குவது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மருந்தை உட்கொள்பவர் விழுந்து வயிற்றிலோ தலையிலோ அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

*பாரசிட்டமோல்:* சளி, காய்ச்சல் மாத்திரைகள் சிலவற்றிலும் இது கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்து உட்கொள்ளாதீர்கள்.

காயத்தின் மேல் மஞ்சள்தூள், தைலம், எண்ணெய் எதுவும் தடவவேண்டாம். வயிற்றை உருவிவிடவும் வேண்டாம்.

உடனே மருத்துவ உதவி நாடவேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்:

• கண்ணோ தோலோ மஞ்சளாக மாறுதல்
• சிறுநீர் கடுந்தேநீர் நிறத்திலும் மலம் வெளிறியும் இருத்தல்
• 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
• குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நிற்காத வாந்தி
• காயத்தில் சீழ், பரவும் சிவப்பு, நிற்காத இரத்தக் கசிவு
• வெட்டு இருந்த இடத்தில் வலியுடன் உள்ளே போகாத புடைப்பு
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்

பித்தப்பையை எடுத்த பிறகும் பித்தநீர்க் குழாயில் ஒரு கல் தங்கியிருக்கக்கூடும். மஞ்சள் காமாலை அதன் அறிகுறியாக இருக்கலாம்.

குடும்பத்தினருக்கு

“அப்பா, இந்த வயதில் இனிமேல் சைக்கிள் எதற்கு?” என்று கேட்பது அக்கறையால்தான். ஆனால், சைக்கிளோடு அவருடைய காலை நேரமும் நண்பர் கூட்டமும் போய்விடக்கூடும். தடுப்பதற்குப் பதிலாகத் துணைக்குச் செல்லுங்கள். முதல் இரண்டு வாரங்கள் சந்தைச் சாமான்களை நீங்கள் சுமந்து வாருங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் உடன் சென்று, பின்வரும் மூன்று கேள்விகளை அவரோடு சேர்ந்து கேளுங்கள்:

1. எந்த முறையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது?
2. எத்தனை கிலோ வரை, எந்த நாளிலிருந்து தூக்கலாம்?
3. எந்த நாளிலிருந்து வெளியே சைக்கிள் ஓட்டலாம்?

பதில்களை எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.

இந்தத் துண்டுப்பிரசுரம் பொதுவான தகவலுக்காக மட்டுமே. இது உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது. சந்தேகம் இருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரையோ அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.