கூடலூர் அப்பமும் கொச்சி யூதர்களும்

கேள்வி: புனித வியாழனன்று கூடலூரில் ஒரு மலையாள நண்பர் வீட்டில் குருத்தோலைச் சிலுவை வைத்த அப்பமும் வெல்லம் போட்ட பாலும் கொடுத்தார்கள். 'பெசஹா அப்பம்' என்றார்கள். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? நீலகிரியில் யூதர்கள் இருந்தார்களா? (குன்னூர் வாசகர்)

பதில்: யூத ஜெபாலயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்கி, கொச்சி மட்டாஞ்சேரிக்குத்தான் போக வேண்டும். 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் அங்கே இன்றும் இருக்கிறது. ஆனால் யூதர்களின் வசந்த காலப் பண்டிகையான பெசாக்கின் சாயல் ஆண்டுக்கு ஒரு நாள் நீலகிரிக்கும் வந்துவிடுகிறது, வாசகர் சாப்பிட்ட அந்த அப்பத்தின் வழியாக.

கூடலூர், பந்தலூர் பக்கம் கேரளத்திலிருந்து வந்து குடியேறிய சிரியன் கிறிஸ்தவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டில் புனித வியாழனன்று பச்சரிசியும் வறுத்த உளுந்தும் அரைபடும். கூடவே தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு. இட்லிக்கும் இதே அரிசி உளுந்துதான். ஆனால் இட்லி மாவு பொங்கினால்தான் நமக்கு நிம்மதி, இந்த மாவு பொங்கவே கூடாது. அரைத்த கையோடு வேகவைத்துவிட வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கி வந்த ஓலையைக் கிள்ளி மேலே சிலுவையாக வைப்பார்கள். ராத்திரி ஜெபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் அப்பத்தைப் பிட்டு, தேங்காய்ப்பாலில் வெல்லம் காய்ச்சிய 'பெசஹா பாலில்' தோய்த்து, மூத்தவரில் தொடங்கி வரிசையாகக் கொடுப்பார். அந்த வருஷம் துக்கம் நடந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லை. உறவுக்காரர்களோ அக்கம்பக்கத்தவரோ கொண்டுவந்து தருவார்கள்.

புளிக்காத மாவுக்குக் காரணம் யாத்திராகமத்தில் இருக்கிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் அவசர அவசரமாகப் புறப்பட்டதால் மாவு புளிக்க நேரமில்லை. அந்த ராத்திரியின் நினைவாக யூதர்கள் பெசாக் நாட்களில் புளித்த மாவைத் தொடுவதில்லை. இயேசுவின் கடைசி இராவுணவைப் பாஸ்கா, அதாவது பெசாக் விருந்தாகவே மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். பண்டிகை கிறிஸ்தவர்களிடம் வந்த பாதை அதுதான். மற்ற நாட்டுக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் அதைக் கோயில் சடங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். கேரளத்தவர் மட்டும் யூதர்களைப் போலவே வீட்டுச் சாப்பாட்டுப் பாயிலும் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் சுவாரசியம்.

கொச்சியில் யூதர்கள் நிறையப் பேர் இருந்த காலத்தில் அவர்களின் பெசாக் இன்னும் கெடுபிடியாக இருந்தது. டிசம்பர் வாக்கில் ஹனுக்கா பண்டிகை முடிந்த கையோடு ஏற்பாடு தொடங்கிவிடும். வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். பண்டிகைக்கென்றே தனிப் பாத்திரங்கள். அரிசியும் மசாலாச் சாமான்களும் பொறுக்கிச் சுத்தம் செய்து தனியே வைக்கப்படும். விருந்தில் புளிப்பில்லா ரொட்டியோடு பேரீச்சம்பழப் பாகும் இருக்கும்.

கேள்வி: தோடர்களே காணாமல் போன யூத கோத்திரம் என்று ஒரு பேச்சு இருக்கிறதே? (ஊட்டி வாசகர்)

பதில்: பேச்சு மட்டும்தான். யூதர் கதைக்கு முன்பே, வழிதவறிய கிறிஸ்தவர்கள் மலைமேல் இருப்பதாக வந்த வதந்தியை நம்பி, 1603-இல் ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் கள்ளிக்கோட்டையிலிருந்து மலையேறினார். அவர் தேடி வந்த கிறிஸ்தவர்கள் அங்கே இல்லை, எருமை மேய்க்கும் தோடர்களைத்தான் பார்த்தார். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் சிலர் தோடர்களின் தாடியையும் மூக்கையும் போர்வையையும் பார்த்து யூதர் கதையைக் கிளப்பினார்கள். தாடி வைத்தவரெல்லாம் யூதர் என்றால் நம் ஊர்ச் சித்தர்களையும் சேர்க்க வேண்டியதுதான்! தோட மொழி திராவிட மொழி, தமிழுக்கு நெருங்கிய உறவு.

கேள்வி: பெசாக் எந்தத் தேதியில் வரும்? அதையொட்டித் துக்க நாட்களும் கொண்டாட்டமும் அடுத்தடுத்து வருகின்றனவே, யார் அப்படி அமைத்தது? (கோத்தகிரி வாசகர்)

பதில்: பெசாக் நிசான் மாதப் பௌர்ணமியில் தொடங்கும். அதனால் நம் பங்குனி உத்திரத்தையோ சித்ரா பௌர்ணமியையோ ஒட்டியே பெரும்பாலும் வரும். 2024-இல் ஏப்ரல் 22 மாலை பெசாக் தொடங்கியது, மறுநாள் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கினார். 2025-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, பெசாக் மறுநாள் மாலை. யூதர்களின் மாதம் சந்திரனைப் பார்த்து நடப்பது. ஆனால் பண்டிகை வசந்தத்தில்தான் வர வேண்டும் என்பது வேதக் கட்டளை. அதற்காக 19 வருஷத்தில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களின் அதிக மாதமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

நினைவு நாட்கள் புதியவை. நாஜிகளை எதிர்த்து வார்சா கெட்டோவில் யூதர்கள் கிளர்ந்தது 1943 ஏப்ரல் 19, பெசாக்குக்கு முந்தின நாள். பண்டிகை வாசலில் துக்க நாள் வைக்க முடியாதே! அதனால் நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவு நாளாக 1951-இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் நிசான் 27-ஐத் தேர்ந்தெடுத்தது. அன்று காலை 10 மணிக்கு நாடெங்கும் சைரன் ஒலிக்கும். 2 நிமிஷம் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்பார்கள், நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கியும் நிற்பார்கள்.

ஒரு வாரம் கழித்து, அடுத்த மாதமான ஐயார் 4-இல் போரில் மாண்டவர்களின் நினைவு நாள், ஐயார் 5-இல் சுதந்திர தினம். முதலில் இரண்டும் ஒரே நாளில்தான் நடந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார், அழவும் சிரிக்கவும் ஒரே நாளா என்று வருந்தியதால் 1951-இல் பிரித்தார்கள். ஆனாலும் தள்ளி வைக்கவில்லை. யூதர்களுக்கு நாள் மாலையில் தொடங்குவதால், பொழுது சாய்ந்ததும் துக்கம் முடிந்து ஜெருசலேமில் ஹெர்சல் மலையில் 12 தீபங்களை ஏற்றிக் கொண்டாட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். 1950-களில் கொச்சியிலிருந்து சுமார் 2,400 பேர் இஸ்ரேல் போனார்கள். அவர்கள் குடியேறிய நெவதிம் போன்ற ஊர்களிலும் இதுவே நடைமுறை.

சுதந்திர தினம் வெள்ளி, சனியில் விழுந்தால் வியாழனுக்கு முன்தள்ளுவார்கள், திங்களில் விழுந்தால் செவ்வாய்க்குப் போகும். ஓய்வுநாளான சனிக்கிழமையை இந்த இரண்டு நாட்களின் ஏற்பாடுகளும் தொடக்கூடாது என்பதுதான் கணக்கு.