ஏதுவும் ஏதுப்போலியும்

மக்கள் கூடும் இடமெல்லாம் வாதமும் உடன் கூடும். பரமத்தி வேலூரில் வெற்றிலை விற்கும் களத்திற்குச் சென்று சற்றே செவிசாய்த்து நிற்பீராயின் இஃது எளிதிற் புலனாகும். "இவ்வெற்றிலை இளங்கொடியிற் கிள்ளியது, தொட்டுப் பாருங்கள், எவ்வளவு மென்மை! ஆதலின் விலை சற்றுக் கூடுதல்" என்பார் ஒருவர். இது காரணம் காட்டிப் பேசும் பேச்சு. தொட்டுப் பார்த்து மெய்யோ பொய்யோ என்று துணியலாம். "எங்கள் பாட்டனார் காலமுதல் இங்கு வருகின்றோம், எங்களையா ஐயுறுகின்றீர்?" என்பார் மற்றொருவர். இதில் பாட்டனார் பெருமை உண்டு. வெற்றிலையைப் பற்றி ஒன்றும் இல்லை. வாங்க வந்தவரோ, "இவ்வளவு பேசுகின்றீரே, இதிலிருந்தே சரக்கிற் குறையுள்ளது தெரிகின்றது" என்பார். விற்பவர் வாய்மூடி நின்றிருப்பின், "பேச வாயில்லை, சரக்கு மட்டம்" என்று கூறியிருப்பார்! பேசினாலும் குறை, பேசாவிடினும் குறை. கேட்டவர் நகைப்பர், ஒரு கவுளி வெற்றிலையோடு அவ்வழக்கு முடிந்துவிடும். ஆனால் இதே அமைப்புடைய சொல் ஓர் உயிரையும் கொள்ளவல்லது.

காரணம் எது, காரணம்போலத் தோன்றுவது எது என்று ஆராய்ந்து பகுத்துரைத்த நூல் தமிழில் உண்டு. சீத்தலைச் சாத்தனார் இயற்றி, உ. வே. சாமிநாதையரால் 1898ஆம் ஆண்டில் பதிப்பிக்கப்பெற்ற மணிமேகலையே அது. அதன் 29ஆம் காதையில், காஞ்சி நகரில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைநூற் பொருளைக் கற்பிக்கின்றார். துறவறம் நாடி வந்த இளநங்கைக்குத் தருக்கம் எதற்கு என்று நீங்கள் வியக்கலாம். அவள் வஞ்சி நகரில் பல சமயவாதியரின் உரைகளையும் கேட்டுவிட்டு வந்தவள். ஒவ்வொருவர் உரையும் கேட்கும்போது மெய்யாகவே தோன்றியிருக்கும். கொள்வது எது, தள்ளுவது எது என்று தெரிய ஒரு கருவி வேண்டுமன்றோ?

அடிகள் காட்டும் எடுத்துக்காட்டு எளியது. 'இம்மலையில் நெருப்பு உண்டு' என்பது பக்கம். அதாவது, ஒருவன் நிலைநாட்ட விரும்பும் பொருள். 'புகை உடைமையால்' என்பது ஏது; அதாவது காரணம். 'அடுக்களைபோல' என்பது திட்டாந்தம். யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு. இவ்வளவில் நில்லாது மறுதலையாகவும் ஒன்று காட்டுவர். நெருப்பில்லாத நீரினிடத்துப் புகையும் இல்லை. ஏதுவின் வலிமையெல்லாம் இம்மறுதலையிலேதான் உள்ளது. நெருப்புள்ள இடத்தும் அஃதில்லாத இடத்தும் ஒருங்கே புகை காணப்படுமாயின், புகையைக் கண்டு நெருப்பைத் துணிதல் இயலாது.

இம்மூன்று உறுப்புக்களும் பழுதுபடும் வகைகளைப் போலி என்பர். பக்கப்போலி 9 என்றும், ஏதுப்போலியின் பெரும்பிரிவு 3 என்றும், திட்டாந்தப்போலி 10 என்றும் அந்நூல் வகுக்கும். 'என் தாய் மலடி' என்று ஒருவன் கூறுவது பக்கப்போலிகளுள் ஒன்று. தன் சொல்லைத் தானே அழிக்கும் சொல் அது. ஏனையவற்றின் வடசொற் பெயர்களை நீங்கள் நெட்டுருச் செய்ய வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் நன்கு உளங்கொள்ளுங்கள். அதன் பெயர் அநைகாந்திகம்; ஒரு முடிவிலே நில்லாதது என்பது பொருள். 'ஒலி அழியும் இயல்பினது. அறியப்படுதலால்' என்று ஒருவன் கூறுகின்றான். குடம் அறியப்படுகின்றது; அது அழிவது. வானமும் அறியப்படுகின்றது, அதனை அழியாதது என்று அவ்வாதிகள் கொண்டனர். அழிவதற்கும் அழியாததற்கும் ஒப்பப் பொருந்தும் காரணம் எதனையும் நிறுவாது. வெற்றிலை வாங்க வந்தவர் கூறியதும் இவ்வினத்ததே.

நம் வேலூர்க் கரையைத் தழுவிச் செல்லும் காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் பூம்புகார் இருந்தது. அந்நகரத்து வணிகன் கோவலன், மதுரையில் தன் மனைவியின் காற்சிலம்பு ஒன்றை விற்கச் சென்று கொலையுண்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். மணிமேகலையோடு இரட்டைக் காப்பியம் எனப்படும் சிலப்பதிகாரம் அதனைக் கூறுகின்றது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேல் ஏற்றினான் என்று சுருங்கச் சொல்லிவிடுகின்றோம். எவ்வாறு ஏற்றினான் என்பதன்றோ கருதத்தக்கது? கொலைக்களக் காதையை அளவைநூற் கண்கொண்டு படித்துப் பாருங்கள்.

பாண்டியன் ஏவிய காவலர் வந்து கோவலனைக் கண்டனர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று தயங்கினர். அவர்கள் கூறிய காரணமும் வலியதன்று. நல்ல தோற்றமுடைய கள்வரும் உளர். எனினும் அவர்கள் நெஞ்சு நேரியது. பொற்கொல்லன் என் செய்தான்? அவன் தீயவனே, ஆயினும் சொல்வன்மையில் தேர்ந்தவன். காவலரைப் பார்த்து நகைத்தான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் கள்வர்க்குத் துணை என்று நூலறிந்தார்போல் எடுத்துரைத்தான். தூதுவர் கோலத்தில் வந்து அரசிளங்குமரனின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த கள்வன் ஒருவன் கதையையும் சொன்னான். அவன் கூறிய எட்டும் மெய்யாகவே இருக்கட்டும். கதையும் நடந்ததாகவே இருக்கட்டும். கோவலன் கையிலுள்ள சிலம்பு யாருடையது என்னும் வினாவிற்கு அவற்றுள் ஒரு விடையேனும் உண்டோ? கள்வனைப்போல் இருந்தால் கள்வன். கள்வனைப்போல் இராவிட்டால் கோலம் மாற்றவல்ல பெருங்கள்வன். இவ்வாதத்தின் முன் எந்த மனிதன் தப்ப இயலும்? காவலர்க்கு இது தோன்றவில்லை. எட்டு என்னும் எண்ணும், கதையின் சுவையும், நகைப்பும் அவர்களை மயக்கின.

காவலருள் ஒருவன் மழைக்கால நள்ளிரவில் தான் கண்ட கள்வனைப் பற்றி ஒரு கதை கூறினான். கூறிவிட்டு, அரசன் நம்மைத் துன்புறுத்துவான், ஆதலின் செய்யத்தக்கது ஒன்று சொல்லுங்கள் என்று மற்றவரைக் கேட்டான். அரசன் சினம் தங்கள்மேல் வரும் என்னும் அச்சமும் இப்போது சேர்ந்துகொண்டது. கேட்ட வினாவிற்கு ஒருவரும் விடை கூறவில்லை. கல்லாதவனும் களிமகனுமாகிய ஒருவன் வாளை எறிந்தான். அதுகாறும் கோவலனிடம், சிலம்பு உனக்கு எவ்வாறு கிடைத்தது, இதன் இணை எங்கே என்று கேட்டவர் ஒருவருமிலர்.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்னும் வதந்தி கைப்பேசி வழியாகத் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களிற் பரவியது. அப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்த பகுதியில், குலதெய்வம் வணங்கச் சென்ற குடும்பத்தாரைக் கூட்டம் ஒன்று சூழ்ந்து தாக்கியது. முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அவர் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கியதே ஐயத்திற்கு அடையாளமாயிற்று. குழந்தைக்கு இனிப்புக் கொடுப்பவர் யாவர்? பிள்ளை பிடிப்பவனும் கொடுக்கலாம், பாட்டியும் கொடுப்பாள். இருசாரார்க்கும் பொருந்தும் அச்செயலை ஒருசாரார்க்கே உரியதென்று அக்கூட்டம் துணிந்தது.

இனி வழக்குரை காதைக்கு வருவோம். கண்ணகி, தன் கணவன் கள்வன் அல்லன் என்று கூறவே பாண்டியன் அவைக்கு வந்தாள். அரசனோ, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது, அரச நீதியே ஆகும் என்று விடை பகர்ந்தான். கோவலன் கள்வன்தானா என்பதே வழக்கு. அதனையே முடிந்த முடிபாக வைத்துக்கொண்டு விடை கூறினான் மன்னன். கண்ணகி அதனோடு வாதிட்டு நிற்கவில்லை. கோவலனின் குலப்பெருமையையோ நற்குணத்தையோ சான்றாகக் காட்டவும் இல்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று மட்டும் கூறினாள். மன்னனும் நல்லது என்று ஒப்பி, தன் மனைவியின் சிலம்பின் பரல் முத்து என்று உரைத்தான். இருவரும் சிலம்பை உடைக்கும் முன்னரே தத்தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டனர் என்பதைக் கவனியுங்கள். உடைத்த பின்னர், மாணிக்கமும் எங்கள் சிலம்பில் உண்டு என்று சொல்ல வழியில்லை. பாண்டியனைக் கொடுங்கோலன் என்று நாம் எளிதிற் பழித்துவிடுகின்றோம். தனக்கு எதிராக முடியக்கூடிய ஒரு சோதனைக்கு அரியணையில் இருந்தவாறே உடன்பட்டவன் அவன்.

சிலம்பு கொணரப்பெற்றது. கண்ணகி உடைத்தாள். மாணிக்கப் பரல் தெறித்தது. அச்சிலம்பு, கோவலனிடமிருந்து பெற்றபின் அரசன் அரண்மனையிலேதான் இருந்தது.